கட்டில் கால் பேனா

புஷ்பவல்லி கடைக்குள் நுழைந்தபோது ரமாபாய் ஒரு வேப்பங்கட்டையைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தாள். லேத்தில் மாட்டிய கட்டை நன்றாகத்தான் சுற்றியது. ஆனால் உள்ளே எங்கேயோ ஒரு முடிச்சு ஒளிந்திருந்து, உளி பட்டபோதெல்லாம் சில்லு சில்லாகப் பிய்ந்துகொண்டு வந்தது. ரமாபாய் அதன் அம்மா, அப்பா, அது முளைத்த தோப்பு என்று வரிசையாக விசாரித்துக்கொண்டிருந்தாள். மரத்தைத் திட்டுவதில் அவளுக்குப் பாவபுண்ணியம் கிடையாது. முன்பு இரும்பு கடைந்தபோது இரும்பைத் திட்டினாள். இப்போது மரம்.

வியாசர்பாடிக்காரி. ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்துவிட்டு எண்ணூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவள். அங்கே இருந்த சூப்பர்வைசருக்கு, லேத்து ஓட்டுகிற பெண் என்றால் நடுநடுவே டீயும் போட்டுக்கொண்டு வருவாள் என்று ஓர் எண்ணம். ஒரு நாள் அவனுடைய எவர்சில்வர் டம்ளரை லேத்தில் மாட்டி, சுற்றிலும் ஓட்டை போட்டு, அதிலேயே டீயை ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அத்தோடு அந்த வேலை முடிந்தது. பிறகு ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில், கை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுகிற கடை ஒன்றைப் பிடித்து, சின்ன லேத்து ஒன்றைப் போட்டு, மரப்பேனா கடைய ஆரம்பித்தாள். துறைமுகத்திலிருந்து வரும் பழப்பெட்டி, உடைத்த வீட்டின் கதவு, காசிமேட்டில் கழித்துப் போட்ட படகுப் பலகை, எது கிடைத்தாலும் பேனாதான். வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த அம்பேத்கர் படத்தின் சட்டைப் பையிலிருக்கும் பேனாவைப் பார்த்தே வளர்ந்ததால் இந்த யோசனை வந்தது என்று கேட்பவர்களிடம் சொல்வாள். உண்மையில், அவளால் வாங்க முடிந்த லேத்தில் பேனாவுக்கு மேல் பெரிதாக எதையும் மாட்ட முடியாது.

பக்கத்துக் கடை ஜீனத்துடையது. தையல் கடை. நடுவில் இருப்பது ஒரு ப்ளைவுட் தடுப்பு மட்டும் என்பதால் இங்கே இருமினால் அங்கிருந்து தண்ணீர் வரும்.

புஷ்பவல்லி கையில் ஒரு கோணி இருந்தது. ஆள் நல்ல பருமன். இரண்டு பக்கமும் மூக்குத்தி. மீன் மார்க்கெட்டில் அவளைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. மீன் விற்கும் பெண்களின் சங்கத்துக்குத் தேர்தல் நடந்து, அவள்தான் தலைவி என்று மைக் வைத்து ஊரெல்லாம் சொல்லியிருந்தார்கள்.

“நீதான் பேனா கடையிற பொண்ணா?”

“ஆமாக்கா. இன்னா வோணும்?”

புஷ்பவல்லி கோணியைக் கவிழ்த்தாள். பச்சை பெயின்ட் அடித்த ஒரு கட்டில் கால் வந்து விழுந்தது. மேல்முனையில் ரம்பம் ஏறுமாறாகப் போயிருந்தது.

“இத்துல ஒரு பேனா வோணும்.”

“கட்லு காலாச்சேக்கா?”

“ஆமா. எங்க வூட்டுக்காரரு கட்லு. கண்ணாலத்தப்போ அவங்கப்பா குடுத்தது. அன்னிலேந்து அவரு அத்துலதான் படுத்துகினு இருந்தாரு. நா கூடை தூக்கிகினு மார்க்கெட்டுக்குப் போவேன், அவரு கட்லு பறந்து பூடாம புட்சிகினு இருப்பாரு.”

அந்த ‘இருந்தாரு’ ரமாபாயின் காதில் குத்தியது. லேத்தை நிறுத்தினாள்.

“இப்போ?”

“போனாரு. அவரு அப்டிக்கா போனதும் நா இப்டிக்கா ரம்பத்த எடுத்துட்டேன். இத்தினி வருஷத்துல அவரு ஒரு துரும்ப நவுத்துனதில்ல. அவரு கட்லாவது வேல செய்யட்டுமே.”

தடுப்புக்கு அந்தப்பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்றது. “இன்னாலில்லாஹி...” என்று, சாவுச் செய்தி கேட்டால் சொல்வதை ஜீனத் முணுமுணுப்பது கேட்டது.

“இன்னா?” என்று புஷ்பவல்லி திரும்பினாள்.

“ஒண்ணுமில்லக்கா, அவங்க வேற எதுக்கோ சொல்றாங்க” என்றாள் ரமாபாய். ஸ்டூலை இழுத்துப் போட்டு, “குந்துங்கக்கா, தண்ணி குடிங்க” என்றாள். இவ்வளவு கலக்கமில்லாத ஒரு விதவையை அவள் பார்த்ததில்லை. மனசுக்குள் கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

புஷ்பவல்லி தண்ணீரைக் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை மார்க்கெட்டில் விழா. புது மார்க்கெட் கட்டுவதற்கான ஒப்பந்தத்தில் சங்கத்தின் சார்பில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். தலைவியான நாளிலிருந்து எந்தக் காகிதத்தில் கையெழுத்து என்றாலும் எவனாவது பேனா இரவல் கொடுக்கிறான். போட்டு முடித்ததும் வாங்கி, கர்ச்சீப்பால் துடைத்துவிட்டுப் பைக்குள் வைக்கிறான்.

“மீன வாங்கித் துன்றப்ப நாறல. பேனா மட்டும் நாறுதாம் அவனுங்களுக்கு. எனக்குன்னு ஒண்ணு வோணும் பொண்ணு. எவன் கையிலயும் வாங்கி எழுத மாட்டேன்.”

“வெள்ளிக்கெழமைக்குள்ள குடுத்துர்றேன்க்கா” என்றாள் ரமாபாய்.

அன்று மதியமே வேலையைத் தொடங்கினாள். பச்சை பெயின்டைச் சுரண்டினால் கீழே நீலம். நீலத்தைச் சுரண்டினால் சிவப்பு. எந்தெந்தப் படகுக்கு அடித்து மிஞ்சிய பெயின்டோ, எல்லாமே இந்தக் கட்டிலுக்கு வந்து சேர்ந்திருந்தன. அதற்கும் கீழே நீளவாக்கில் ஒரு விரிசல். அந்த விரிசலில் வம்சாவளியாகக் குடித்தனம் நடத்திய மூட்டைப்பூச்சிகளின் காய்ந்த கூடுகள். ரமாபாய் வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தையைச் சொல்லப் போனாள்.

“ஏ ரமா” என்று தடுப்புக்கு அந்தப்பக்கமிருந்து ஜீனத் குரல் கொடுத்தாள். “மவுத்தான மனுசன் படுத்த கட்லு. கொஞ்சம் வாய அடக்கிகினு கடை.”

ரமாபாய் வாயை மூடிக்கொண்டாள். வேலையிலேயே கஷ்டமான பகுதி அதுதான்.

பெயின்ட் எல்லாம் போன பிறகு உள்ளிருந்த மரத்தைப் பார்த்து அவளே அசந்துபோனாள். பூவரசு. சாக்லேட் நிறத்தில் வைரம் பாய்ந்து, நடுநடுவே கறுப்புக் கோடுகள் ஓடின. விரல் நீளத்துக்கு மேல் கொஞ்சம் விட்டு ஒரு துண்டு அறுத்தாள். நடுவில் துளை போட்டு, அதற்குள் பித்தளைக் குழாயைப் பசை தடவிச் செருகினாள். அது இறுகியதும் லேத்தில் மாட்டினாள். உளியை வைத்ததும் மரம் சுருள் சுருளாகக் கழன்று வந்தது. வேம்பைப்போல முரண்டு பிடிக்கவில்லை. விரிசல் மட்டும் ஒரு பக்கம் மின்னல் மாதிரி நெளிந்து தெரிந்தது. அதற்குள் பித்தளைப் பொடியைத் திணித்து, மேலே சூப்பர் க்ளூவைச் சொட்டு விட்டு அடைத்தாள். காய்ந்தபின் தேய்த்தபோது, மூட்டைப்பூச்சிகளின் தெரு தங்கக் கம்பியாகிவிட்டிருந்தது.

உருவத்தைப் பற்றியும் யோசித்தாள். மீன் விற்கிற கை. எப்போதும் ஈரமாக, வழுவழுப்பாக இருக்கும். மெலிந்த பேனா நழுவிவிடும். அதனால் நடுவில் கொஞ்சம் தொப்பை வைத்தாள். அரக்கு மெருகு போட்டால் பளபளப்பாக இருக்கும், ஆனால் தண்ணீர் பட்டால் வெளுத்துப்போகும். அதை விட்டுவிட்டு, சூப்பர் க்ளூவையே மெல்லிய பூச்சாகத் துணியில் தொட்டுத் தொட்டு, ஒன்று காய்ந்ததும் அடுத்தது என்று பூசினாள். உப்புத்தாளை முரட்டிலிருந்து நைசுக்கு மாற்றி மாற்றித் தேய்த்தாள். கடைசியில் விளக்கு வெளிச்சத்தில் காட்டியபோது அதில் அவள் மூக்கு தெரிந்தது. முனையையும் கொக்கியையும் வைத்து அழுத்தி, ரீஃபில் போட்டு, ஒரு பழைய பில்லின் முதுகில் கிறுக்கிப் பார்த்தாள். நன்றாக ஓடியது.

“பெர்யவரே” என்று அந்த முகம் தெரியாத மனிதனிடம் சொன்னாள், “நீ இருந்தப்போ எப்டியோ, இப்போ சோக்கா கீற.”

மறுநாள் காலையில் அவர் நேரில் வந்துவிட்டார்.

ஒல்லியான ஆள். கட்டம் போட்ட லுங்கி. நெற்றியில் பிளாஸ்திரி. வாசலில் நின்று மூச்சு வாங்கினார், சந்து முனையிலிருந்து நடந்து வந்ததற்கே.

“பேனா கடையிற பொம்பள யாரு இங்க?”

“நாந்தான். இன்னா வோணும்ணா?”

“என் காலு எங்க?”

ரமாபாய் குனிந்து பார்த்தாள். லுங்கிக்குக் கீழே இரண்டும் இருந்தன.

“ரெண்டும் கீதேண்ணா.”

“இந்தக் காலு இல்ல மே! கட்லு காலு! எம்பொண்டாட்டி அறுத்துகினு வந்து உன்னாண்ட குடுத்தாளாமே, அந்தக் காலு!”

தடுப்புக்கு அந்தப்பக்கம் ஜீனத் வீல் என்று கத்தினாள். ஏதோ கீழே விழுந்து உருண்டது. நூல்கண்டுப் பெட்டியாக இருக்கும்.

“நீங்க... புஷ்பவல்லியக்கா வூட்டுக்காரரா?” ரமாபாய் உளியைக் கீழே வைத்தாள். “நீங்க போய்ட்டீங்கன்னு சொன்னாங்களே!”

“டீக்கடைக்குப் போயிருந்தேன்!”

அவர் பெயர் குமாரவேல். நடந்ததை அவரே வருத்தத்தோடு விவரித்தார். முந்தின நாள் காலையில் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனாராம். கல்யாணமான நாளிலிருந்து எப்படி உட்காருவாரோ அப்படியே, திரும்பிப் பார்க்காமல், முழு நம்பிக்கையோடு கால்மாட்டில் உட்கார்ந்தாராம். கட்டில் அவரைக் கவிழ்த்து ஐஸ் பெட்டியின் மேல் போட்டதாம். நெற்றி வீங்கியது. ஆனால் அதுகூடப் பெரிதில்லையாம்.

“அது இன்னா கட்லு தெரியுமா? எங்க தாத்தா ரங்கூன்லேந்து கப்பல்ல எடுத்தாந்தது. ஒரிஜினல் பர்மா தேக்கு!”

ரமாபாய்க்குப் பொய் சொல்ல வரவில்லை. “பூவரசுண்ணா. நம்மூரு பூவரசு” என்று மீதித் துண்டை எடுத்துக் காட்டினாள்.

குமாரவேல் அதை வாங்கி, முகர்ந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெற்றியில் அடிபட்ட கதையைச் சொன்னபோது இருந்ததைவிட இப்போது முகம் வாடியது.

“டபாய்ச்சிட்டான்” என்றார் மெதுவாக. “எங்கப்பன் என்ன டபாய்ச்சிட்டான். பர்மா தேக்குன்னு சொல்லித்தான் மே பொண்ணே குடுத்தாங்க.”

அதன்பின் பேனாவைக் கேட்டார். கட்டில் அவருடையது, ஆகவே பேனாவும் அவருடையது. ரமாபாய் முடியாது என்றாள். ஆர்டர் கொடுத்தவர்களுக்குத்தான் கொடுப்பாள். “அப்போ குடுக்குற வரிக்கும் இங்கியே கீறேன்” என்று சொல்லிவிட்டு, கடையிலிருந்த பலகை பெஞ்சில், மரத்தூளைக்கூடத் தட்டாமல், கையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது.

இந்த மாதிரி ஒரு மறியலை ரமாபாய் பார்த்ததில்லை. திட்டிப் பார்த்தாள். லேத்தை முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தாள். மரச்சுருள்கள் அவர் மேல் விழுந்து குவிந்தன. அவர் போர்வையைப்போல ஏற்றுக்கொண்டார். சாயங்காலம் எழுந்து போனவர் மறுநாளும் வந்து படுத்தார். ஜீனத், தான் அநியாயமாக ஒரு துவா செய்துவிட்ட ஆத்திரத்தில், எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்து முறைத்துவிட்டுப் போனாள்.

இதில் இன்னொரு பேஜார். அடையாறிலிருந்து ஒரு ஜோடி காரில் பேனா வாங்க வந்தது. அந்தப் பெண் ஒரு பேனாவை எடுத்து, இது என்ன மரம் என்று கேட்டாள். ரமாபாய் வாயைத் திறப்பதற்குள் பெஞ்சிலிருந்து பதில் வந்தது.

“அது கப்பல் பாய்மரம்மா. புயல்ல மாட்டி, ஆளே இல்லாம தானா கரைக்கு வந்த கப்பலு. மரத்தக் காதுல வெச்சுப் பாரு, காத்து சத்தம் கேக்கும்.”

“அது பழப்பொட்டி மேடம்” என்றாள் ரமாபாய். “ஆப்பிள் வந்தது.”

அந்தப் பெண் காதில் வைத்துப் பார்த்தாள். கணவனிடம் கொடுத்தாள். அவனும் வைத்துப் பார்த்தான். இருவரும் கண்களை மூடிக்கொண்டு கடலைக் கேட்டார்கள். அந்தப் பேனாவோடு இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டு போனார்கள். கடை திறந்த நாளிலிருந்து ரமாபாய் உண்மையைச் சொல்லி விற்றுக்கொண்டிருக்கிறாள். ஒருவரும் கண்ணை மூடியதில்லை.

“படுத்துகினே இன்னா ரீலு வுடுறீங்க?” என்று சீறினாள்.

“உக்காந்துகினு வுட்டா தல சுத்தும்” என்றார் குமாரவேல்.

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. மதியம், ஜீனத் கொடுத்தனுப்பிய டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோது, கேட்காமலே சொன்னார். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவர். முதல் தடவை படகு ஏறியதும் வாந்தி. பழகிவிடும் என்றார்கள். இரண்டாவது தடவையும் வாந்தி. அப்புறம் கரையில் நின்று அலையைப் பார்த்தாலே வாந்தி. குப்பத்தில் சின்னப் பசங்கள்கூட அவரைப் பார்த்து ஓக்காளிப்பது மாதிரி நடித்தார்கள். படுத்தால் மட்டும் தலை நின்றது. படுத்தார். அப்படியே பழகிவிட்டது.

“கரையில வேற வேலையே இல்லியாண்ணா? வல பின்னலாம், ஐஸ் ஒடைக்கலாம்...”

“இருந்துச்சி” என்றார் குமாரவேல். “ஆனா அதுக்குள்ள கட்லு ரொம்ப சொகமா பூட்ச்சி மே.”

இந்த நேர்மை ரமாபாய்க்குப் பிடித்துப்போனது. கொஞ்சம் இளகித்தான் கேட்டாள்: “அக்காவுக்கு இன்னா திடீர்னு இவ்ளோ கோவம்?”

“அதான் தெர்ல. எலெக்சன்ல செயிச்சி மாலையும் கய்த்துமா வந்தா. எனக்கும் சந்தோசந்தான். ‘தலைவி, அப்டியே ஒரு டீ போட்டு எடுத்தா’ன்னேன். தலைவின்னுதான் மே கூப்ட்டேன். மருவாதியா.”

ரமாபாய் அவரையே பார்த்தாள். இளகியது எல்லாம் ஒரு நொடியில் இறுகியது. “ஒரு காலோட வுட்டாங்களேன்னு சந்தோசப்படுங்க” என்று சொல்லிவிட்டு லேத்தைப் போட்டாள்.

வியாழக்கிழமை மார்க்கெட் முடிந்து, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு புஷ்பவல்லி பேனாவை வாங்க வந்தாள். பெஞ்சைப் பார்த்தாள்.

“இங்கியும் வந்து படுத்துட்டியா?”

“கட்லு இல்லாதவன் எங்க படுப்பான்?” குமாரவேல் எழுந்திருக்கவில்லை. “அறுக்குறதுக்கு முன்னாடி என்னாண்ட ஒரு வார்த்த சொன்னியா?”

“சொன்னா இன்னா சொல்லியிருப்ப? ‘அப்பால அறு, இப்ப தூங்கறேன்’னுவ.”

குமாரவேல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அதைத்தான் சொல்லியிருப்பார்.

ரமாபாயால் பொறுக்க முடியவில்லை. “ஏங்க்கா, இவரு போயிட்டாருன்னு என்னாண்ட சொன்னீங்களே! நானும் ஜீனத்தும் ஒரு நாள் முச்சூடும் துக்கம் கொண்டாடினோம்!”

“போனாரு இல்ல? செத்துட்டாருன்னா சொன்னேன்? செத்திருந்தா கட்லோடவே அனுப்பியிருப்பேன். கால மட்டும் எதுக்கு எடுத்தாறேன்?”

தடுப்புக்கு அந்தப்பக்கம் ஜீனத் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள்.

ரமாபாய் பேனாவை எடுத்துப் புஷ்பவல்லியின் கையில் வைத்தாள். தொப்பையான நடுப்பகுதி உள்ளங்கையில் அப்படியே உட்கார்ந்தது. புஷ்பவல்லி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இந்தக் கோடு இன்னா? தங்கமா?”

“பித்தளப் பொடிக்கா. அங்க ஒரு விரிசல் இருந்துச்சி. மூட்டப்பூச்சிங்க குடியிருந்துது.”

“அதுங்களா?” புஷ்பவல்லி புருஷன் பக்கம் பார்த்தாள். “பரவால்ல. அந்த வகையிலயாவது அவரு நாலு பேருக்குச் சோறு போட்டிருக்காரு.”

குமாரவேலுக்கு ரோஷம் வந்துவிட்டது. படுத்தபடியே விரலை நீட்டி, “நாளிக்கு நானும் வருவேன். எல்லார் முன்னாடியும், ‘இவ எங்கட்லு கால அறுத்தவ’ன்னு சொல்லுவேன்” என்றார்.

“வா. ஆனா அங்க நாற்காலிதான் போட்டுகீறாங்க. படுக்கறதுக்கு எடமில்ல” என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

வெள்ளிக்கிழமை ரமாபாய் கடையைப் பூட்டினாள். ஜீனத்தும் பூட்டினாள். இரண்டு பேரும் மார்க்கெட்டுக்குப் போய், ஷாமியானாவின் கீழே நல்ல இடமாகப் பிடித்து உட்கார்ந்தார்கள். பேனாவைப் பார்க்கப் போனதாகப் பிறகு சொல்லிக்கொண்டார்கள். சண்டையைப் பார்க்கத்தான் போனார்கள். குமாரவேல் கடைசி வரிசையில், இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப்போட்டுச் சாய்ந்திருந்தார்.

மேடையில் பெரிய ஆபீசர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பேசினார். கைதட்டினார்கள். காகிதக் கட்டை அவர் முன்னால் வைத்தார்கள். அவர் தன் சட்டைப் பையிலிருந்து கறுப்பில் தங்க வளையம் போட்ட பேனாவை எடுத்து முதல் பக்கத்தில் வைத்தார். எழுதவில்லை. உதறினார். எழுதவில்லை. மறுபடி உதறியபோது உதவியாளரின் சட்டையில் மட்டும் நன்றாக எழுதியது. உதவியாளர் தன் பைகளைத் தடவிக்கொண்டிருந்தபோது, மேடையில் பக்கத்து நாற்காலியில் இருந்த புஷ்பவல்லி தன் பேனாவை நீட்டினாள்.

ஆபீசர் அதை வாங்கிப் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டார். போடப்போட அவருக்கே அது பிடித்துவிட்டது போலிருந்தது. முடித்ததும் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். “நல்லா இருக்கே” என்றார். பிறகு, வருஷக்கணக்கான பழக்கத்தில், தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

“நீங்க போடுங்கம்மா” என்று உதவியாளர் புஷ்பவல்லியிடம் ஒரு பிளாஸ்டிக் பேனாவை நீட்டினார். இன்னொரு கையில் கர்ச்சீப் தயாராக இருந்தது.

திமிங்கலத்தோடுகூட பேரம் பேசுகிற புஷ்பவல்லிக்கு வாய் அடைத்துப்போனது. ஆபீசரின் பையைப் பார்த்தாள். பிளாஸ்டிக் பேனாவைப் பார்த்தாள். கீழே உட்கார்ந்திருந்த மார்க்கெட் பெண்களைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய மனுஷன் பையிலிருந்து எப்படிப் பிடுங்குவது? அதுவும் இன்றைக்கு? அவள் கை மெல்ல அந்தப் பிளாஸ்டிக் பேனா பக்கம் நகர்ந்தது. ரமாபாய் நாற்காலி நுனிக்கு வந்தாள். எழுந்து நின்று ஏதாவது கத்தலாம் என்று மூச்சை இழுத்தாள்.

அவளுக்கு முன்பே பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

“யோவ்! என் காலக் குடுயா!”

குமாரவேல் ஓடி வந்துகொண்டிருந்தார். ஆமாம், ஓடித்தான். ஒரு கையில் லுங்கி, வழியெல்லாம் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு. மீன்காரப் பெண்கள் ஆபீசரை விட்டுவிட்டு இதை வேடிக்கை பார்த்தார்கள். அந்த மனிதர் நடந்தே பலர் பார்த்ததில்லை. மேடைப் படியில் ஒரு போலீஸ்காரர் அவரை வளைத்துப் பிடித்தார்.

“சார் பையில என் காலு கீது! வுடு நைனா! சார், எங்கட்லு கால எடுத்துகினு போறீங்க!”

“காலைலயே ஊத்திக்கினியா?” என்றார் போலீஸ்காரர்.

ஆபீசர் பயந்துபோய் முதலில் மேஜைக்கடியில் பார்த்தார். கால் என்றால் அங்கேதானே இருக்க வேண்டும்.

புஷ்பவல்லி எழுந்தாள். குரல் திரும்பிவிட்டது. மைக் தேவைப்படவில்லை.

“அவர வுடுங்க சார். அவரு எங்க வூட்டுக்காரரு. குடிக்கல. அவரு சொல்றது நெசந்தான். உங்க பையில கீறது எங்க கட்லு காலு.”

கூட்டத்தில் ஷாமியானா குலுங்குகிற மாதிரி ஒரு சிரிப்பு. ஆபீசர் பையைத் தொட்டுப் பார்த்தார், முகம் சிவந்து பேனாவை எடுத்தார். “மறந்துட்டேம்மா, மன்னிச்சுக்குங்க” என்றார். பாவம், உண்மையாகவே மறந்துதான் வைத்திருந்தார். கொடுப்பதற்கு முன்னால் உதவியாளர் கர்ச்சீப்போடு குறுக்கே வந்தார்.

“தொடைக்காதீங்க” என்றாள் புஷ்பவல்லி. “அது எங்க நாத்தம். எனக்குப் பழக்கந்தான்.”

பேனாவை வாங்கி, நாக்கைக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, பக்கத்தில் பாதியை அடைத்து ‘புஷ்பவல்லி’ என்று எழுதினாள். அடுத்த பக்கத்திலும் எழுதினாள். ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அவசரப்படவில்லை.

குமாரவேல் மேடைப் படியிலேயே சரிந்து உட்கார்ந்தார். தலை சுற்றுகிறது என்றார். யாரோ சோடா உடைத்துக் கொடுத்தார்கள். புஷ்பவல்லி இறங்கி வந்து, பேனாவை ரவிக்கையில் செருகிக்கொண்டு, முந்தானையால் அவருக்கு விசிறினாள்.

“நல்லாத்தான் ஓடுற” என்றாள்.

“ஓடாம? எவனோ எடுத்துகினு போறான்...” அவர் கண்ணைத் திறக்கவில்லை. “கொஞ்சம் படுக்க எடம் கேளு.”

அந்த விழாவின் பலன் அடுத்த வாரம் ரமாபாயின் கடைக்கு வந்தது. ஒரு பெண் புருஷனின் கேரம் போர்டைக் கொண்டுவந்தாள். இன்னொருத்தி, மாமனார் நாள் முழுக்க உட்கார்ந்து திட்டுகிற நாற்காலியின் கை ஒன்றைக் கொண்டுவந்தாள். ஒருத்தி கொண்டுவந்த பலகையைப் பார்த்தபோது, அது மார்க்கெட் மூலையில் சீட்டாட்டம் நடக்கிற மேஜை என்று ரமாபாய்க்குப் புரிந்தது. நாலு புருஷன்மார்களுக்குப் பொதுவான சொத்து. இப்போதெல்லாம் அவள் முதலில் கேட்கும் கேள்வி, “ஆளு உசுரோட கீறாரா?” என்பதுதான். சாயங்காலங்களில் ஒன்றிரண்டு ஆண்கள் கடை வாசலில் தயங்கி நின்று, தங்கள் பொருள் உள்ளே இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வியாசர்பாடியில் வீட்டுக்குப் போனபோது அவள் புருஷன் அறிவு, சாப்பாட்டுத் தட்டைத் தானே கழுவிவைத்துவிட்டு, “ரமா, நம்ம கட்லு இரும்புதான?” என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டான்.

“நான் மொதல்ல கடஞ்சது இரும்பு” என்றாள் ரமாபாய்.

ஒரு நாள் காலையில் குமாரவேல் மறுபடி வந்தார். நெற்றியில் பிளாஸ்திரி இல்லை. தோளில் இன்னொரு பச்சைக் கட்டில் கால் இருந்தது. ரமாபாய் தலையில் கை வைத்தாள்.

“இன்னாண்ணா, இதையும் அறுத்துட்டாங்களா?”

“அவதான் அறுத்தா. நா புட்சிகினேன்” என்று காலைப் பெஞ்சில் வைத்தார். “மூணு காலு நின்னா கட்லு ஆடிகினே கீது மே, படகு மாதிரி. எனக்கு வாந்தி வருது. கால்மாட்டுல கீற இன்னொண்ணையும் எடுத்துட்டா அந்தப்பக்கம் தரையில குந்திக்கும், தலமாடு ஒசந்துக்கும். சாஞ்சிகினா எப்டி கீது தெரியுமா? தியேட்டர்ல குந்துன மாதிரி! இத்தினி வருஷம் இது தெரியாம பூட்ச்சி.”

“இதுல யாருக்குப் பேனா?”

“எனக்குத்தான்.”

“உங்களுக்கா? இன்னா எழுதப் போறீங்க?”

“எழுதறதா?” குமாரவேல் அந்த வார்த்தையையே கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்த்தார். “காதுல சொருவிக்கத்தான் மே. சொம்மா படுத்துகினு இருந்தா வர்றவன் போறவன்லாம் எழுப்பறான். நா ஓடுனத பாத்ததுலேந்து ஐஸ் தூக்க வா, கூட எறக்க வான்னு ஒரே ரப்சர். காதுல பேனா கீதுன்னு வையி, எதோ யோசன பண்றாருன்னு வுட்டுருவாங்க.”

தடுப்புக்கு அந்தப்பக்கம் ஜீனத்தின் மெஷின் நின்றது. ரமாபாய்க்குச் சிரிப்புப் பொங்கியது. அடக்கிக்கொண்டு, பென்சிலை எடுத்துக் காலின் மேல் அளவுக்குக் கோடு போட்டாள்.

“எப்டி வோணும்? அக்காவோடது மாதிரி தொப்பையா, இல்ல ஒல்லியா?”

குமாரவேல் யோசித்தார். பெஞ்சில் மெதுவாகச் சாய்ந்து, காதுக்குப் பின்னால் விரலை வைத்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“சதுரமா கடஞ்சி குடு” என்றார். “உருண்டு கீய வுழுந்துச்சின்னா, எவன் எழுந்து எடுக்கறது?”